பிடித்திருந்தது என்றால் போதுமா? ஷெர்லாக் தொடரின் பார்வையாளர்களிடமிருந்து ஒரு வகுப்பறைப் பாடம்

பள்ளியில் ஒரு சிறார் திரைப்படத்தைத் திரையிட்டு முடித்ததும், "படம் எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "சூப்பர் சார்!", "செம டீச்சர்!" என்று ஒரே நேரத்தில் குரல்கள் எழும். பின்வரிசையிலிருந்து "போர்" என்று ஒரு குரல் வரும், வகுப்பே சிரிக்கும். "சரி, ஏன் சூப்பர்? ஏன் போர்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டவுடன் அமைதி. மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த அமைதியை நாம் எல்லாரும் சந்தித்திருக்கிறோம். துணைப்பாடக் கதை குறித்து 'உன் கருத்தை எழுதுக' என்று கேட்டாலும் இதே நிலைதான். "கதை நன்றாக இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது" என்ற இரண்டு வரிகளுக்கு மேல் பேனா நகர்வதில்லை. மாணவர்களிடம் கருத்து இல்லாமல் இல்லை. கருத்துக்குச் சான்று தேடும் பழக்கத்தை நாம் இன்னும் போதிய அளவு பழக்கவில்லை.

இதைப் பழக்குவதற்கு ஒரு துப்பறியும் கதை மிகப் பொருத்தமானது. உலகம் அறிந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளையும், அவற்றை இன்றைய காலத்துக்கு மாற்றி பிபிசி தயாரித்த தொலைக்காட்சித் தொடரையும், அத்தொடரைப் பார்த்தவர்கள் சொன்ன கருத்துகளையும் வைத்து இரண்டு பாடவேளைகளில் செய்யக்கூடிய ஒரு செயல்பாட்டை இக்கட்டுரை முன்வைக்கிறது.

கதையும் தொடரும்

ஆர்தர் கோனன் டாயில் ஒரு மருத்துவர். அவர் படைத்த ஹோம்ஸ் 1887ஆம் ஆண்டு 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' என்ற நாவலில் முதன்முதலாகத் தோன்றினார். மொத்தம் 4 நாவல்கள், 56 சிறுகதைகள். பெரும்பாலான கதைகளை ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சன் சொல்வதாக டாயில் அமைத்தார்.

பிபிசியின் 'ஷெர்லாக்' தொடர் 2010 ஜூலை 25 அன்று தொடங்கி 2017 ஜனவரி 15 அன்று முடிந்தது. ஸ்டீவன் மாஃபட், மார்க் கேட்டிஸ் ஆகிய இருவர் இதை உருவாக்கினர். ஷெர்லாக்காக பெனடிக்ட் கம்பர்பேட்ச், வாட்சனாக மார்ட்டின் ஃப்ரீமன் நடித்தனர். ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஒரு சிறப்புப் பகுதியையும் சேர்த்து மொத்தம் 13 பகுதிகள் மட்டுமே.

குதிரை வண்டி டாக்சியாகிறது. தந்தி குறுஞ்செய்தியாகிறது. மூலக்கதையில் வாட்சன் ஆப்கானிஸ்தான் போரில், 1880இல் நடந்த மைவாண்ட் சண்டையில் காயம்பட்டுத் திரும்பியவர். தொடரில் வரும் வாட்சனும் ஆப்கானிஸ்தானிலிருந்து காயத்துடன் திரும்பிய படைமருத்துவர்தான். இந்த ஒன்றை மாற்றத் தேவையே ஏற்படவில்லை. நூற்று முப்பது ஆண்டுகள் கழித்தும் அதே நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தது என்பதைப் பார்வையாளர் பலர் வியப்போடும் வருத்தத்தோடும் குறிப்பிட்டனர். சமூக அறிவியல் ஆசிரியர் ஒரு பாடவேளை முழுவதும் பேசக்கூடிய செய்தி இது.

1893இன் வாசகர், 2012இன் பார்வையாளர்

வரலாற்றுக் கதைகள் எழுதவே டாயில் பெரிதும் விரும்பினார். ஹோம்ஸ் தம் நேரத்தையெல்லாம் விழுங்குகிறார் என்று நினைத்து, 1893 டிசம்பரில் 'தி ஸ்ட்ராண்ட்' இதழில் வந்த கதையில் சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் அவரை வீழ்த்திவிட்டார். வாசகர்கள் கொதித்தனர். டாயிலுக்கும் இதழுக்கும் கண்டனக் கடிதங்கள் வந்தன. 1901இல் 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' தொடர்கதையை, ஹோம்ஸ் இறப்பதற்கு முன் நடந்ததாகச் சொல்லி எழுதினார் டாயில். 1903இல் ஹோம்ஸ் அருவியில் விழவே இல்லை என்று அறிவித்து அவரை மீண்டும் கொண்டுவந்தார். வாசகர் கருத்து ஒரு கதையின் போக்கையே மாற்றியதற்கு இதைவிடப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. ஹோம்ஸ் இறந்த செய்தி கேட்டு லண்டன் இளைஞர்கள் கையில் கறுப்புப் பட்டை அணிந்து தெருவில் நடந்தார்கள் என்ற தகவலைப் பல கட்டுரைகளில் பார்க்கலாம். ஆனால் அதற்கு அக்காலத்துச் செய்திகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். கேட்க நன்றாக இருப்பதால் ஒருவர் சொன்னதை அடுத்தவர் எடுத்து எழுதியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே அடுத்தவருக்கு அனுப்பும் இந்தக் காலத்தில், மாணவர்களிடம் சொல்லவேண்டிய செய்தி இது.

தொடரில் இதே நிகழ்வு 2012 ஜனவரி 15 அன்று ஒளிபரப்பானது. அருவிக்குப் பதிலாக ஒரு மருத்துவமனையின் மேல்தளம். ஷெர்லாக் விழுவதை வாட்சன் பார்க்கிறார். அடக்கமும் நடக்கிறது. கடைசிக் காட்சியில், கல்லறை அருகே வாட்சனுக்குத் தெரியாமல் ஷெர்லாக் உயிரோடு நிற்கிறார். எப்படித் தப்பினார்? பதில் அடுத்த பகுதியில். அது வந்தது 2014 ஜனவரி 1 அன்று!

இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் பார்வையாளர்கள் சும்மா இருக்கவில்லை. அந்தக் காட்சியை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்தார்கள். வாட்சன் எங்கே நிற்கிறார், அவர் பார்வையை எந்தக் கட்டடம் மறைக்கிறது, சாலையில் நின்ற லாரி எப்போது கிளம்பியது, ஷெர்லாக் கையில் முன்பு வைத்திருந்த ரப்பர் பந்து எதற்கு என்று ஒவ்வொன்றையும் குறித்து விவாதித்தார்கள். ஒருவர் சொன்ன விளக்கத்தை இன்னொருவர் வேறொரு சான்று காட்டி மறுத்தார். துப்பறிவாளர் கதையைப் பார்த்தவர்களே துப்பறிவாளர்களாக மாறினார்கள். கருத்துச் சொல்வது எப்படி இருக்கவேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அது இதுதான்.

2014இல் வந்த பகுதியில் தயாரிப்பாளர்கள் இந்த விவாதத்தையே கதைக்குள் கொண்டுவந்துவிட்டனர். ஷெர்லாக் எப்படித் தப்பினார் என்று ஊகிக்கும் ஒரு ரசிகர் குழு கதையில் வருகிறது. வெவ்வேறு விளக்கங்கள் காட்டப்படுகின்றன. கடைசியில் ஷெர்லாக்கே சொல்லும் விளக்கத்தையும் கேட்பவர் முழுமையாக நம்பவில்லை. பார்வையாளர் சிலர் இதை ரசித்தார்கள். வேறு சிலர், "இரண்டு ஆண்டுகள் காத்திருந்த எங்களைக் கேலி செய்துவிட்டீர்கள்" என்று வருந்தினார்கள். இரு தரப்பும் காட்டிய சான்று ஒரே காட்சிதான்.

கடிகாரமும் கைபேசியும்

வகுப்பறைக்கு மிகவும் பயன்படும் பகுதி இது. 1890இல் வந்த 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் வாட்சன் ஒரு பழைய பாக்கெட் கடிகாரத்தை ஹோம்ஸிடம் கொடுத்து, இதை வைத்திருந்தவரைப் பற்றிச் சொல்ல முடியுமா என்று கேட்கிறார். ஹோம்ஸ் பார்க்கிறார். பின்பக்கம் பொறித்த எழுத்துகள் வாட்சன் குடும்பப் பெயரைக் காட்டுகின்றன. நாணயம், சாவியோடு சேர்த்துப் போட்டதால் மேலெல்லாம் கீறல், ஆகவே கவனமில்லாதவர். மூடியின் உள்ளே அடகுக்கடைக்காரர் கீறிய எண்கள் நான்கு; ஆகவே அடிக்கடி பணமுடை. சாவி கொடுக்கும் துளையைச் சுற்றி நிறையக் கீறல்கள். ஆகவே கை நடுங்கும் குடிகாரர். வாட்சனின் அண்ணனுடைய வாழ்க்கையே வெளியே வந்துவிடுகிறது.

120 ஆண்டுகள் கழித்துத் தொடரில் கடிகாரத்தின் இடத்தில் கைபேசி. பின்பக்கம் ஹாரி வாட்சன் என்ற பெயரும், கிளாரா என்பவர் அன்போடு அளித்தது என்ற பொறிப்பும். சாவி, நாணயம் உரசிய கீறல்கள். சார்ஜர் செருகும் இடத்தைச் சுற்றி உராய்வுகள். இவற்றிலிருந்து ஷெர்லாக் சொல்கிறார்: வாட்சனின் அண்ணன், குடிப்பழக்கம் உள்ளவர், மனைவியைப் பிரிந்தவர்.

வாட்சன் வியக்கிறார். ஆனால் ஒன்று தவறு. ஹாரி என்பது ஹாரியட் என்ற பெயரின் சுருக்கம். அண்ணன் இல்லை, சகோதரி! சரியான சான்றுகளைக் கவனித்தும், 'ஹாரி என்றால் ஆண்தான்' என்று தானாகவே எடுத்துக்கொண்ட ஒரு முன்முடிவால் ஷெர்லாக் தவறினார். மூலக்கதையைப் படித்திருந்த பார்வையாளர்களுக்கு இந்தக் காட்சி இரட்டை மகிழ்ச்சி அளித்தது. கதை தெரியும் என்று அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்த இடத்தில் அவர்களுடைய முன்முடிவும் சேர்ந்து உடைந்தது.

இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்கவேண்டும். நாவலில் வாட்சன் வியந்து பாராட்டவில்லை. மனம் புண்பட்டு எழுந்து அறையில் நடக்கிறார். தன் அண்ணனின் துயரக் கதையை முன்பே விசாரித்து வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிறாய் என்று கோபப்படுகிறார். இது ஒருவருக்கு எவ்வளவு வலிக்கும் என்பதை மறந்துவிட்டேன் என்று ஹோம்ஸ் மன்னிப்புக் கேட்கிறார். தொடரின் ஷெர்லாக்கோ பெரும்பாலும் யாரையும் பொருட்படுத்தாதவர். அவருடைய கூர்மையைப் பாராட்டிய பார்வையாளர்கள் பலர், "அறிவாளி என்றால் அடுத்தவரை அவமதிக்கலாமா?" என்று கேட்டவர்களும் பலர்.

இந்தக் கேள்வி என்னையும் தொட்டது. சில ஆண்டுகளுக்கு முன் உற்றுநோக்கும் திறனுக்கு ஒரு விளையாட்டு நடத்தினேன். முன்வரிசை மாணவன் ஒருவனின் பையை மேசைமேல் வைத்து, "இதைப் பார்த்து என்னென்ன சொல்லலாம்?" என்று கேட்டேன். "வார் தைத்திருக்கிறது", "வேறு பெயர் எழுதி அடித்திருக்கிறது", "அண்ணனோட பழைய பை" என்று உற்சாகமாகச் சொன்னார்கள். ஒருவன், "புதுசு வாங்கக் காசில்ல சார்" என்றான். வகுப்பு சிரித்தது. அனுமானம் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த இரண்டு நாள்கள் அந்தப் பையன் பை கொண்டுவரவில்லை. புத்தகங்களைக் கையில் அடுக்கிக்கொண்டு வந்தான். தவறு அவனைப் பார்த்துச் சிரித்தவர்களுடையது மட்டுமில்லை, பையை மேசைமேல் வைத்த என்னுடையது. அவனிடம் தனியாகவும், பிறகு வகுப்பின் முன்னும் மன்னிப்புக் கேட்டேன். வாட்சனின் கடிகாரமும் ஓர் அண்ணனிடமிருந்து வந்ததுதான் என்பதைப் பின்னர் நாவலைப் படித்தபோதுதான் அறிந்தேன். அன்று முதல் இந்த விளையாட்டுக்கு மாணவர் பொருள் எதையும் நான் எடுப்பதில்லை.

ஒரே சொல், இரண்டு முடிவு

முதல் நாவலில் கொலை நடந்த அறையின் சுவரில் இரத்தத்தால் 'ராஷே' என்ற எழுத்துகள் இருக்கும். ரேச்சல் என்ற பெண்பெயரை எழுதத் தொடங்கி முடிக்கவில்லை என்கிறார் காவல் அதிகாரி லெஸ்ட்ரேட். அது ஜெர்மன் மொழியில் பழிவாங்கல் என்று பொருள்படும் சொல் என்று ஹோம்ஸ் திருத்துகிறார். தொடரில் இது தலைகீழ். தடயவியல் அலுவலர் ஒருவர் ஜெர்மன் சொல் என்று சொல்ல, ஷெர்லாக் அதை ஒதுக்கிவிட்டு ரேச்சல் என்ற முடிவுக்கு வருகிறார். அந்தப் பகுதியில் அதுவே சரி.

மூலத்தைப் படித்தவர்கள் இதைக் கண்டுபிடித்து மகிழ்ந்தார்கள். படிக்காதவர்களுக்கு இது சாதாரணமான ஒரு காட்சி. ஆக, ஒருவருடைய கருத்து அவர் ஏற்கெனவே என்ன படித்திருக்கிறார் என்பதையும் பொறுத்தது. 'பொன்னியின் செல்வன்' நாவலைப் படித்துவிட்டுத் திரைப்படம் பார்த்தவரின் கருத்தும், படிக்காமல் பார்த்தவரின் கருத்தும் வேறுபட்டதை நாம் நம் வீடுகளிலேயே கேட்டிருக்கிறோம். ஒருவர் சரி, மற்றவர் தவறு என்பதில்லை. இருவரும் எங்கே நின்று பேசுகிறார்கள் என்று தெரிந்தால்தான் கருத்தை எடைபோட முடியும்.

குறை சொன்னவர்களும் மறுமொழியும்

பாராட்டு மட்டுமே கருத்து ஆகாது. இத்தொடர் கடுமையான விமர்சனங்களையும் சந்தித்தது. மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, ஐரீன் அட்லர் பாத்திரம். 1891இல் வந்த மூலக்கதையில் இவர் ஹோம்ஸின் மாறுவேடத்தைக் கண்டுபிடித்து, தாமும் ஆண்வேடமிட்டு அவரைப் பின்தொடர்ந்து, அவரை வென்று, தம் விருப்பப்படி ஊரைவிட்டுச் செல்கிறார். 2012இல் வந்த பகுதியிலோ கடைசியில் ஷெர்லாக்கிடம் தோற்று, பிறகு அவராலேயே காப்பாற்றப்படுகிறார். 'நூறாண்டுக்கு முந்தைய கதையில் தன் அறிவால் வென்ற பெண்ணை இன்றைய கதை ஏன் தோற்கடிக்கவேண்டும்?' என்று பலர் கேட்டனர். பகுதி முழுவதும் அவர் ஷெர்லாக்குக்குச் சமமாக நிற்கிறார் என்று வேறு சிலர் வாதிட்டனர்.

இரண்டாவது, 2010இல் வந்த இரண்டாம் பகுதியில் சீனர்கள் காட்டப்பட்ட விதம். மர்மக் கும்பல், விசித்திரச் சடங்கு என்ற பழைய அச்சிலேயே ஓர் இனத்தை வார்த்திருக்கிறார்கள் என்ற குறை எழுந்தது. காலத்தை மாற்றியவர்கள் பார்வையை மாற்றினார்களா என்பதே கேள்வி. டாயிலின் கதைகளில் இந்தியரும் அந்தமான் தீவுவாசியும் காட்டப்பட்ட விதத்தைப் படிக்கும்போது நமக்கும் இக்கேள்வி எழும்.

மூன்றாவது, 2017இல் வந்த நான்காம் பருவம் பற்றியது. துப்பறிதல் குறைந்து சண்டை கூடிவிட்டது, ஷெர்லாக் ஜேம்ஸ் பாண்ட் ஆகிவிட்டார் என்று 'தி கார்டியன்' நாளிதழில் ஒரு விமர்சனம் வந்தது. மார்க் கேட்டிஸ் அதே நாளிதழுக்குச் செய்யுள் வடிவில் பதில் எழுதினார். அவர் கோபப்பட்டுத் திட்டவில்லை. மூலக்கதைகளில் ஹோம்ஸ் குத்துச்சண்டை போட்ட இடங்களைச் சான்றாகக் காட்டினார். 'தி சாலிட்டரி சைக்கிளிஸ்ட்' கதையைப் படித்தவர்களுக்கு அந்தச் சண்டை நினைவிருக்கும். இந்தச் சான்று எவ்வளவு தூரம் செல்லும் என்று மாணவர்களைக் கேட்கலாம். ஹோம்ஸுக்குச் சண்டை தெரியும் என்பதை அது நிறுவுகிறது. இப்போது சண்டை கூடிவிட்டது என்ற குறைக்கு அது முழுப் பதிலாகுமா?

செய்யுளில் பதில் சொல்வதும் டாயில் காட்டிய வழிதான். ஹோம்ஸ் தமக்கு முந்தைய கதைத் துப்பறிவாளர்களை இகழ்ந்து பேசுவதைச் சுட்டி ஒருவர் டாயிலைக் குறைகூறியபோது, 1912இல் அவர் ஒரு செய்யுளால் பதிலளித்தார். பாத்திரம் பேசுவதெல்லாம் படைத்தவரின் கருத்து ஆகாது என்பது அதன் சாரம். தலைவி கூற்று, தோழி கூற்று என்று பிரித்துப் படிக்கும் நம் மாணவர்களுக்கு இது புதிதன்று. அகப்பாடலில் கற்றதை ஒரு தொலைக்காட்சித் தொடருக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்று காட்டினால் போதும்.

எண்ணும் ஒரு சான்றுதான், ஆனால்...

2014 ஜனவரி 1 அன்று ஒளிபரப்பான பகுதியை அன்றிரவு பிரிட்டனில் சுமார் 92 லட்சம் பேர் பார்த்தனர். 2017 ஜனவரி 15 அன்று வந்த கடைசிப் பகுதிக்கு முதல் இரவுக் கணக்கு சுமார் 59 லட்சம். 'மக்களுக்குத் தொடர் பிடிக்காமல் போய்விட்டது' என்று உடனே முடிவு கட்டலாமா?

மாணவர்களிடம் இந்த எண்களை மட்டும் கொடுத்து யோசிக்கச் சொல்லுங்கள். ஒன்று புத்தாண்டு விடுமுறை நாள். இரண்டு ஆண்டு காத்திருப்புக்கு விடை கிடைக்கும் நாளும் அதுவே. முதல் இரவுக் கணக்கில், பதிவுசெய்து பிறகு பார்த்தவர்கள் சேரமாட்டார்கள். கடைசிப் பகுதி ஒளிபரப்புக்கு முன்பே ரஷ்ய மொழிக் குரலுடன் இணையத்தில் கசிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதைச் சொல்லாது. குறைவு உண்மை, காரணம் இன்னும் அனுமானம். புள்ளியியல் பாடத்தில் சராசரி காண்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பேசத்தக்க செய்தி இது.

வகுப்பறையில் செய்வது எப்படி?

முதலில் ஒரு முக்கியக் குறிப்பு. இத்தொடரை வகுப்பில் திரையிட வேண்டாம். கொலை, போதைப்பொருள், வயதுக்கு ஒவ்வாத காட்சிகள் இதில் உண்டு. மேல்தளக் காட்சியை மாணவர்களுக்கு விவரிக்கவும் வேண்டாம். அருவிக் கதையே போதும். கடிகாரம், கைபேசி, சுவரெழுத்து ஆகிய மூன்றையும் ஆசிரியர் வாய்மொழியாகச் சொன்னாலே செயல்பாட்டுக்குப் போதுமானது.

*முதல் பாடவேளை (6 முதல் 9ஆம் வகுப்பு வரை).* கடிகாரக் கதையைச் சொல்லுங்கள். கரும்பலகையில் மூன்று பத்திகள் வரையுங்கள்: 'பார்த்தது', 'நினைத்தது', 'வேறு என்னவாக இருக்கலாம்?' சாவித் துளையைச் சுற்றிய கீறல் முதல் பத்தி. குடிகாரர் என்பது இரண்டாம் பத்தி. மூன்றாம் பத்தியை மாணவர்கள் நிரப்பட்டும். முதுமையால் கை நடுங்கியிருக்கலாம், கண்பார்வை குறைந்திருக்கலாம், இருட்டில் சாவி கொடுத்திருக்கலாம் என்று அவர்களே சொல்வார்கள். பிறகு கைபேசிக் கதையைச் சொல்லி, ஹாரி யார் என்பதை மட்டும் மறைத்துவையுங்கள். குழுக்கள் தங்கள் முடிவை எழுதிய பிறகு விடையைச் சொல்லுங்கள். எத்தனை குழுக்கள் 'அண்ணன்' என்று எழுதின என்று எண்ணிப் பாருங்கள். ஏன் அப்படி நினைத்தோம் என்ற உரையாடலே இப்பாடவேளையின் உச்சம்.

*இரண்டாம் பாடவேளை.* மாணவர்கள் அண்மையில் பள்ளியில் பார்த்த படத்தையோ படித்த துணைப்பாடக் கதையையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் நான்கு வினாக்களுக்கு விடை எழுதட்டும்.

1. எனக்கு என்ன தோன்றியது?
2. எந்த இடம் அல்லது எந்தச் சொல் அப்படித் தோன்றச் செய்தது?
3. அதே இடத்தைப் பார்த்து வேறொருவர் வேறு மாதிரி நினைக்கலாமா?
4. நண்பர் சொன்னதைக் கேட்டபின் என் கருத்து மாறியதா? ஏன்?

நான்காம் வினாவைத் தவிர்த்துவிடாதீர்கள். கருத்தை மாற்றிக்கொள்வது தோல்வி என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். நல்ல சான்று கிடைத்தபின் மாற்றிக்கொண்டவரை வகுப்பில் பாராட்டுங்கள். அதேபோல், எல்லாரும் 'சூப்பர்' என்றபோது 'போர்' என்று சொன்ன மாணவரையும் முதலில் பேச அழையுங்கள். அவரிடம் ஒரு காரணம் இருக்கும். இதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

*தொடக்க வகுப்புகளுக்கு (3 முதல் 5 வரை).* ஆசிரியரே ஒரு 'மர்மப் பை' தயாரிக்கலாம். பேருந்துப் பயணச்சீட்டு, காய்ந்த வேப்பிலை, ஒரு பக்கம் தேய்ந்த பென்சில், மணல் ஒட்டிய செருப்பு, பாதி எழுதிய கடிதம் என்று ஐந்தாறு பொருள்கள் போதும். இந்தப் பையின் சொந்தக்காரர் கற்பனை மனிதர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "அவர் எங்கிருந்து வந்திருப்பார்?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு குழந்தையும் "ஏனென்றால்..." என்று சேர்த்துச் சொல்லவேண்டும். அந்த ஒரு சொல் நாவில் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மதிப்பீடு செய்யும்போது மாணவர் படத்தைப் பாராட்டினாரா குறைகூறினாரா என்று பார்க்கவேண்டாம். சான்று காட்டினாரா, அச்சான்று கருத்தோடு பொருந்துகிறதா, மாற்றுக்கருத்தை மதித்துப் பேசினாரா என்ற மூன்றை மட்டும் பாருங்கள். நமக்குப் பிடித்த கதையை ஒரு மாணவி தக்க காரணத்தோடு பிடிக்கவில்லை என்று எழுதினால், அந்த விடைக்கே முழு மதிப்பெண்.

இத்தனையும் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக அன்று. நாளை இதே மாணவர்கள் ஒரு விளம்பரத்தை, ஒரு வதந்தியை, ஒரு வாக்குறுதியை எதிர்கொள்வார்கள். அப்போது "எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறாய்?" என்ற கேள்வி அவர்களுக்குள் எழவேண்டும். பக்கத்தில் இருப்பவரின் பழைய பையைப் பார்க்கும்போது, தெரிந்ததையெல்லாம் சொல்லத் தேவையில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அடுத்த திரையிடல் முடிந்ததும் "படம் எப்படி இருந்தது?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எந்த இடத்தில் அப்படித் தோன்றியது?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருப்போம். அமைதி நீளலாம். அந்த அமைதியில் மாணவர்கள் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.